முதலில் உண்ணி, அப்புறம் கத்தி

நாய்க்கு எப்போது கருத்தடை செய்யலாம் என்று திருவொற்றியூரில் கேட்டுப் பாருங்கள், மருத்துவரைத் தவிர எல்லோரிடமும் பதில் தயாராக இருக்கும். "ஒரு தபா குட்டி போடட்டும், அப்பால பாத்துக்கலாம்" என்பார் இஸ்திரி வண்டிக்காரர். ஆண் நாய்க்குச் செய்தால் அப்புறம் காவலே காக்காது என்பார் லாரி ஷெட்காரர். மார்கழி போகட்டும் என்பார் இன்னொருவர். மருத்துவர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் நாயின் காது மடலைத் திருப்பி, உண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார்.

அவர் பார்ப்பதில் விஷயம் இருக்கிறது. நம் பக்கத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. பழுப்பு உண்ணி நாயின் மேல் மட்டும் குடியிருப்பதில்லை. ரத்தம் குடித்துக் கொழுத்ததும் கீழே இறங்கி, சுவர் விரிசலிலும் கதவு நிலை இடுக்கிலும் முட்டையிடும். சென்னையின் வெப்பத்தில் அதற்கு ஓய்வு மாதமே கிடையாது. அது கொண்டுவரும் காய்ச்சல் கிருமி ரத்தத்தில் பிளேட்லெட்டைக் குறைத்துவிடும். டெங்குவின் புண்ணியத்தில் பிளேட்லெட் என்ன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சோற்றில் கொஞ்சம் மீதி வைக்கும், மத்தியானம் எழுந்திருக்க யோசிக்கும், அவ்வளவுதான். வெயிலுக்குச் சோம்பல் என்று நாம் சொல்லிக்கொள்வோம். அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காமல் போகலாம்.

எங்கள் பொன்னி கன்டெய்னர் லாரிக்கு அடியில் கிடந்த நாட்டுக் குட்டி. ஆறு மாதம் தாண்டியதும் கருத்தடைக்கு அழைத்துப் போனோம். ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் குறைந்திருந்தது. டாக்சிசைக்ளின் மாத்திரை ஒரு மாதம் போலக் கொடுத்து, மறுபடி ரத்தம் எடுத்து, எல்லாம் சரி என்று வந்த வாரம் அவள் பருவத்துக்கு வந்துவிட்டாள். அந்தச் சமயத்தில் கருப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் இன்னும் இரண்டு மூன்று மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். வாசலில் எர்ணாவூர் வரைக்குமான ஆண் நாய்கள் எல்லாம் வரிசை கட்டின. மாடிக்கும் கீழுக்கும் அவளைச் சங்கிலியில் கட்டி இழுத்துப் போனதுதான் எங்கள் வீட்டின் அந்த மாதத்து வேலை.

இணையத்தில் தேடும் பிள்ளைகள் வேறொரு பயத்தோடு வருவார்கள்: சீக்கிரம் செய்தால் மூட்டு கெட்டுவிடுமாமே? அது வெறும் வதந்தி இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2013-ல் கோல்டன் ரிட்ரீவர்களையும், 2020-ல் 35 இனங்களையும் ஆராய்ந்தார்கள். ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தால் பெரிய இனங்கள் பலவற்றில் மூட்டுக் கோளாறு கூடியது, சிறிய இனங்களில் அப்படி இல்லை. கலப்பின நாய்களை எடைவாரியாகப் பார்த்தபோதும் இருபது கிலோவுக்கு மேல் வளர்பவற்றுக்குத்தான் அந்தக் கவலை. ஆகவே வீட்டில் லாப்ரடாரோ ஜெர்மன் ஷெப்பர்டோ இருந்தால் ஒரு வயது தாண்டக் காத்திருப்பது நியாயம்தான், கேட்டைப் பூட்டி வைக்க முடியுமானால். பூட்டாத கேட்டும் எண்ணூர் விரைவுச் சாலையும் அந்த ஆராய்ச்சியில் இல்லை. பெட்டையின் வாசனை வந்தால் ஆண் நாய் கன்டெய்னர் லாரியைப் பார்க்காது.

தெருவில் கூடும் நாய்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இணையும்போது உயிருள்ள புற்றுச் செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, பிறப்புறுப்பில் கட்டியாக வளரும். பெரும்பாலும் வின்கிறிஸ்டின் ஊசிக்கு அது கரையும். ஆனால் வாரா வாரம் யார் அழைத்துப் போவது? கருத்தடை செய்யாத பெட்டைகளுக்கோ கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய். ஸ்வீடனின் காப்பீட்டுப் பதிவுகளில் பத்து வயதுக்குள் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு அது வந்திருக்கிறது. குட்டி போட்டால் உடம்பு தேறும் என்ற இஸ்திரி வண்டிக்காரரின் வாதத்துக்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது.

தெரு நாய்க்கு இந்தக் கணக்கைப் போடுவது மாநகராட்சி. நாயைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை என்ற யோசனையை விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் 1960-களிலேயே முன்வைத்தும், சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996-ல்தான். காதில் வெட்டு இருந்தால் ஆபரேஷன் ஆன நாய். 2023 நவம்பரில் ராயபுரம் ஜி.ஏ. ரோட்டில் ஒரே நாய் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கடித்தது. ஜனங்கள் அடித்துக் கொன்ற அந்த நாய்க்கு வெறிநோய் இருந்ததைப் பரிசோதனை காட்டியது. அன்றிலிருந்து எங்கள் தெருவில் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் வித்தியாசம் தெரியாமல் பேசுகிறார்கள். கருத்தடை வெறிநோயைத் தடுக்காது. அதற்கு ஊசிதான் வேண்டும். கருத்தடையைத் தள்ளிப்போடக் காரணம் இருக்கலாம், ஊசியைத் தள்ளிப்போட ஒரு காரணமும் கிடையாது.

சின்னச் சின்ன உபாதைகளில்தான் நாம் அதிகம் கை வைத்துக் கெடுக்கிறோம். உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவது தோலைப் பொசுக்கும், நக்கினால் விஷம். காலை நொண்டினால் வீட்டிலிருக்கும் வலி மாத்திரையில் பாதி கொடுப்பது அதைவிட மோசம். டைக்ளோபினாக்கும் ஐபுபுரூபனும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஐப்பசி மழையில் காது நாறி, தலையை உதறிக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று நாளில் காட்டினால் போதும். வால் அடியில் கொஞ்சம் அரிப்பும் காத்திருக்கும். ஈறு வெளுத்திருந்தாலோ மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

கிளம்புவது என்றால் வேப்பேரி. 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது, எங்கள் பக்கத்தில் இன்னும் மாட்டாஸ்பத்திரிதான். விம்கோ நகர் வரை 2021-ல் மெட்ரோ வந்துவிட்டது, ஆனால் நாயை ஏற்றமாட்டார்கள். நாயோடு வரச் சம்மதிக்கும் ஆட்டோக்காரரின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வது, மருந்துப் பெட்டி வைத்திருப்பதைவிட உபயோகம்.

பொன்னிக்கு ஒருவழியாக ஆபரேஷன் முடிந்தது. தையலை நக்காமலிருக்க என் பழைய பனியனைப் போட்டுவிட்டோம். இப்போது பக்கத்து வீட்டு அக்கா தன் ஆண் குட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். எட்டு மாதமாகியும் ஒரு விதை கீழே இறங்கவில்லை. "தானா எறங்கிடும்ல தம்பி?" என்கிறார். ஆறு மாதத்துக்கு மேல் இறங்குவது அபூர்வம். உள்ளேயே தங்கிய விதையில் பிற்காலத்தில் புற்று வரும் வாய்ப்பு கூடுதல். அதை எடுக்க வயிற்றைத் திறக்கவும் நேரலாம். "கண்டிப்பா எடுத்துடணும்க்கா" என்றேன். "எப்ப?" என்று கேட்டார். நான் குட்டியின் காது மடலைத் திருப்பிப் பார்த்தேன், மூன்று உண்ணி இருந்தது. முதலில் ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம் என்று ஆட்டோக்காரருக்குப் போன் போட்டோம்.