சிலேட்டில் கவிழ்த்துப் பார்த்த ஸ்டாம்ப்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். என் தவறு ஒன்றைப் பற்றியது.

1988இல் கூடலூர் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் ஸ்டாம்ப் சேகரிக்கும் பிள்ளைகள் என் அறைக்கு வருவார்கள். பாதிப் பேர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள். அதில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், அவன் தாத்தா அட்டனிலிருந்து துறையூருக்குப் போட்ட கடிதங்களின் உறைகளைக் கொண்டுவந்தான். எல்லாம் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட சிலோன் ஸ்டாம்ப்கள். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, ஈரத்தோடு சிலேட்டில் கவிழ்த்தால் வாட்டர்மார்க் கறுப்பாகத் தெரியும். காகிதம் அந்த இடத்தில் மட்டும் மெலிந்திருப்பதால் வருவது அது.

"சார், இதுல மட்டும் சி.ஏ.ங்கிற எழுத்து நேராத் தெரியுது. மத்ததுல எல்லாம் திரும்பித் தெரியுது" என்றான்.

"நேராத் தெரிஞ்சா அதுதான்டா சரி. மத்ததைத்தான் சந்தேகப்படணும்" என்றேன். என்னிடம் அந்த ஸ்டாம்ப் இல்லாததால், ராக்கெட் படம் போட்ட ஹங்கேரி ஸ்டாம்ப் மூன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டேன். துள்ளிக்கொண்டு போனான்.

போன வாரம் ஆல்பத்தில் ஈரம் பட்டிருக்கிறதா என்று பார்க்கும்போது அது கண்ணில் பட்டது. கறுப்புத் தட்டில் கவிழ்த்து இரண்டு சொட்டு பென்சீன் விட்டேன். (பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி எதுவும் இருக்கக் கூடாது. ஃபோட்டோகிராவ்யூர் முறையில் அச்சான ஸ்டாம்ப்களில் பென்சீன் விடாதீர்கள், மை கரையலாம்.) பையன் சொன்னது சரி. எழுத்து நேராகத்தான் இருந்தது. அதுதான் கோளாறே.

கேட்லாகில் வாட்டர்மார்க் நேர், தலைகீழ், இடவலம் மாறியது என்று சொல்வதெல்லாம் ஸ்டாம்பின் முகப்பு வழியாகப் பார்ப்பதாகக் கணக்கு. நாமோ கவிழ்த்துப் போட்டு முதுகைப் பார்க்கிறோம். அப்படிப் பார்த்தால் ஒழுங்கான ஸ்டாம்பில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித்தான் தெரிய வேண்டும். நேராகத் தெரிந்தால், தாள் பின்பக்கம் முன்பக்கமாக மாறி அச்சுக்குப் போயிருக்கிறது என்று பொருள். தலைகீழ் என்பது வேறு: தாளின் மேல்முனை கீழ்முனையாகப் போனது. அது மட்டும் எந்தப் பக்கம் பார்த்தாலும் தலைகீழ்தான்.

இதில் நான் ஏமாந்ததற்கு நம் இந்திய ஸ்டாம்ப்களும் ஒரு காரணம். 1880களிலிருந்து நமக்கு நட்சத்திர வாட்டர்மார்க். ஐந்து முனை நட்சத்திரத்தை இடவலம் மாற்றினாலும் அதே நட்சத்திரம்தான். முனை மேலா கீழா என்று பார்த்தால் போதும் என்றே பழகிவிட்டேன். 1931 புதுடெல்லி வரிசையில் நட்சத்திரம் படுக்கையாகக் கிடக்கும். சிலவற்றில் முனை இடப்பக்கம், சிலவற்றில் வலப்பக்கம். அங்கேதான் முதுகா முகப்பா என்ற கேள்வி வரும். படுக்கைக் குறிகளுக்குக் கேட்லாக்கே சில இடங்களில் "பின்பக்கமிருந்து பார்க்கையில்" என்று போட்டிருக்கும். அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள். சி.ஏ. என்பது லண்டனில் காலனிகளுக்கு ஸ்டாம்ப் அச்சடிக்க ஏற்பாடு செய்து அனுப்பிய கிரவுன் ஏஜெண்ட்ஸின் சுருக்கம். எழுத்து என்பதால் மறைக்க முடியாது. சின்னப் பையனே கண்டுபிடித்துவிட்டான்.

விலை எவ்வளவு என்று கேட்காதீர்கள். திரும்பிய வாட்டர்மார்க் எல்லாம் லட்சம் பெறாது. பிரிட்டனில் புத்தகமாகக் கட்டி விற்ற ஸ்டாம்ப்களில் தலைகீழ்க் குறி நேர்க்குறி அளவுக்குச் சாதாரணம்.

பழைய மாணவர்களிடம் விசாரித்து அவன் எண்ணைப் பிடித்தேன். திருப்பூரில் இருக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தான்.

"அது ஞாபகம் இருக்கு சார். நீங்க சந்தேகப்படணும்னு சொன்னீங்களா, மத்த எல்லாத்தையும் போலின்னு நினைச்சு அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. இருபதுக்கு மேல் இருந்தது, தாத்தா கையெழுத்து உறையோடு. ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன் என்றேன். வேண்டாம் சார், நானே வருகிறேன் என்றான். ஞாயிற்றுக்கிழமை வருகிறான்.