இடம் மாறிய கொம்பு

எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் சரியாகக் காட்டுவது ஒரு போனுக்குச் சாதாரண வேலை இல்லை. ‘நிலக்கோட்டை’ என்பதில் ‘கோ’ இருக்கிறது, ‘டை’ இருக்கிறது. கணினிக்குள் முதலில் ‘க’ போய் உட்கார்ந்துகொள்ளும், குறி அதற்குப் பின்னால் வரும். திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, இரட்டைக்கொம்பை எழுத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். ‘டை’க்கும் அப்படித்தான், பின்னால் வந்த கொம்பு முன்னால் போய் நிற்க வேண்டும். இந்த வித்தை தெரியாத போனில் கொம்பெல்லாம் தப்பான இடத்தில் நிற்கும், நடுவில் புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். எழுத்துருவே இல்லாத போனில் வரிசையாகக் கட்டங்கள்தான். ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகள் பலருக்கும் நம் மொழியைக் கட்டம் கட்டமாகத்தான் காட்டின.

அந்தக் காலத்தில் கைபேசியில் தமிழ் படித்தவர்களுக்கு ஓப்பரா மினியை மறக்க முடியாது. முகவரி அடிக்கும் இடத்தில் ‘ஓப்பரா:கான்ஃபிக்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் ஒரு ரகசியப் பக்கம் திறக்கும். கீழே தள்ளிக்கொண்டே போனால், சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டவா என்று கேட்கும் ஒரு வரி வரும். அதை ‘ஆம்’ என்று மாற்றிச் சேமித்துவிட்டு மறுபடி பக்கத்தைத் திறந்தால் தமிழ் கொம்பும் காலுமாக வந்து நிற்கும். எழுத்துகளை ஓப்பராவின் சர்வரே படமாக வரைந்து அனுப்பியது. பக்கம் மெதுவாக வரும், நெட் காசு கூடும், ஒரு வரியைக்கூட நகல் எடுக்க முடியாது. ஆனாலும் படிக்கலாம். ஒருவர் இன்னொருவருக்கு, அவர் வேறொருவருக்கு என்று கை மாறிக் கை மாறிப் பரவிய உபாயம் அது. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் மதுரை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவர். சொல்வதோடு நிற்காமல் என் போனை வாங்கி, தானே மாற்றிக் கொடுத்துவிட்டு வாடிப்பட்டியில் இறங்கிப் போனார். அன்று நான் அடைந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு எந்தப் புது போனும் தரவில்லை.

அதனால்தான் பஸ் ஸ்டாண்டு பக்கத்து செல்போன் கடையில் பையன்கள் ஐபோனா ஆண்ட்ராய்டா என்று சண்டை பிடிக்கும்போது நின்று கேட்கிறேன். “அண்ணே, ஐபோன் ஹேங்கே ஆகாதுண்ணே.” “போடா, ஒரு பாட்டு ஏத்தணும்னாகூட அது ஆயிரம் கேள்வி கேட்கும்.” இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தமிழை வைத்துப் பார்த்தாலும் இதே கணக்குத்தான். ஆண்ட்ராய்டு, யார் செய்த விசைப்பலகையையும் உள்ளே விட்டது, எழுத்தைக் காட்டத்தான் திணறியது. ஐபோன் எழுத்தை அழகாகக் காட்டியது, வெளியாள் விசைப்பலகைக்குக் கதவை அடைத்தது. தனிச் செயலியில் தட்டச்சு செய்து, நகலெடுத்து, வேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டும். 2013இல் ஐஓஎஸ் 7 வந்தபோதுதான் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகளும் ஐபோனுக்குள்ளேயே வந்தன. பிறர் செய்த விசைப்பலகைகளுக்கு அடுத்த ஆண்டுதான் கதவு திறந்தது.

இந்த இரண்டு முகாமிலும் நமக்காக உழைத்தவர் ஒரே மனிதர், மலேசியாவின் முத்து நெடுமாறன். 1985இலிருந்து முரசு அஞ்சல், 2005இல் குறுஞ்செய்திக்காகச் செல்லினம், பிறகு ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் அதே செல்லினம். போன் சண்டையில் நான் ஒரு கட்சியில் சேர வேண்டும் என்றால் அவர் கட்சியில்தான் சேருவேன். இன்று பூ மார்க்கெட்டில் மல்லி, முல்லை, சம்பங்கி விலை வாட்ஸ்அப்பில் தமிழில் ஓடுகிறது. யார் கையில் எந்த போன் என்று அந்த விலைப்பட்டியல் பார்ப்பதில்லை.

யூடியூபில் போன் விமர்சனம் செய்யும் தம்பிகள் நன்றாகத்தான் பேசுகிறார்கள். கேமரா, பேட்டரி, சிப் எல்லாம் அத்துப்படி. எனக்குக் குறை ஒன்றுதான். போனை யார் வாங்க வேண்டும் என்று சொல்கிறார்களே தவிர, அது எப்படி வேலை செய்கிறது, யாருடைய பேச்சைக் கேட்கிறது என்பதைச் சொல்வதில்லை. என் தலைமுறைக்கு அதைச் சொல்ல எழுத்தாளர் சுஜாதா இருந்தார். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கியதில் பங்கு கொண்ட பொறியாளர். ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று ஜூனியர் விகடனில் அவர் பதில் சொன்னபோது, கையில் கருவியைப் பிரித்துப் பார்த்தவர் பேசுகிறார் என்ற நம்பிக்கை வரும்.

அவருடைய ‘என் இனிய இயந்திரா’வை நான் படித்தது பைண்டு செய்த தொடர்கதையாக. பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த தாள்கள், ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட சோப்பு விளம்பரம், நடுவில் ஒரு வாரம் காணவில்லை. அந்த வாரத்தில் என்ன நடந்திருக்கும் என்று நானும் என் அத்தை மகனும் ஆளுக்கொரு கதை கட்டினோம். ஜீனோ என்ற எந்திர நாய்க்காகத்தான் எல்லாரும் அதைக் கொண்டாடுவார்கள். எனக்கு மனத்தில் தைத்தது வேறு. கதையில் ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் நாட்டில் பெயர் இரண்டெழுத்துக்கு மேல் போகக் கூடாது. பிள்ளை பெறக் கதாநாயகி நிலாவுக்கு அரசாங்க அனுமதி வேண்டும். கருவி எவ்வளவு வளர்ந்தாலும் அனுமதிச் சீட்டு யார் கையில் என்று பார், என்று அந்தக் கதை எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஐபோனின் விசைப்பலகைக் கதவு அடைபட்டிருந்த காலத்தில் எனக்கு ஜீவாவின் நாடுதான் ஞாபகம் வந்தது. கதை நடக்கும் ஆண்டையும் தாண்டி வந்துவிட்டோம். சுஜாதா 2008 பிப்ரவரி 27 அன்று போய்விட்டார். முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தது அதே ஆண்டு அக்டோபரில். அதைப் பிரித்துப் பார்த்து அவர் ஒரு பத்தி எழுதியிருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

போனைப் பற்றி ஜோசியம் சொன்ன பெரிய மனிதர்களும் உண்டு. ஐபோன் சந்தையில் சொல்லும்படியான பங்கைப் பிடிக்க வாய்ப்பே இல்லை என்றார் மைக்ரோசாஃப்டின் ஸ்டீவ் பால்மர், 2007இல். அப்போது நோக்கியாதான் ராஜா. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை தொடங்கியிருந்தது. பல மாவட்டங்களிலிருந்து பிள்ளைகள், அதிலும் நிறையப் பெண்கள், பள்ளி முடித்த கையோடு அங்கே வேலைக்குப் போனார்கள். 2011இல் நோக்கியா தன் சிம்பியன் இயங்குதளத்தைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போன் பக்கம் சாய்ந்தது. 2014இல் நோக்கியாவின் கைபேசித் தொழிலையே மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையில் சேரவில்லை. அந்த நவம்பர் முதல் தேதி கதவைச் சாத்தினார்கள். எந்த போன் ஜெயித்தது என்று உலகம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தபோது, வேலை போனது இந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

இப்போது அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளி, சுங்குவார்சத்திரத்தில், ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகிறது. அங்கேயும் பெண்கள்தான் அதிகம். அடுத்த ஐபோன் வரும்போது நம் தம்பிகள் பெட்டியைப் பிரித்துக் காட்டட்டும், கேமராவைப் புகழட்டும். அதே வீடியோவில் ஒரு நிமிஷம் ஒதுக்கி, சுங்குவார்சத்திரத்தில் அதைக் கோத்த பெண்களுக்கு என்ன சம்பளம், எந்த விடுதியில் தங்குகிறார்கள் என்பதையும் தமிழில் விசாரித்துச் சொல்லட்டும். அந்த வீடியோவை எங்கள் பஸ் ஸ்டாண்டு கடைப் பையன்களுக்கு நானே அனுப்பி வைப்பேன்.