உருவம், உள்ளடக்கம், ஒரு மாத்திரை

உருவமா உள்ளடக்கமா என்பது நமக்குள் பழைய சண்டை. இதே கேள்வி கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பும் ஆகியிருக்கிறது. நான் அதைக் கவனிக்க நேர்ந்தது இலக்கியத்தால் அல்ல. பருத்திப்பட்டில் என்னோடு இருக்கும் அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய், சி.எம்.எல். என்ற நாள்பட்ட வகை. தினம் சாப்பிட்டதும் 400 மில்லிகிராமில் ஒரு மாத்திரை, இமாடினிப்.

வியாதியின் அமைப்பு விசித்திரமானது. 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் நுனிகளை மாற்றிக்கொள்கின்றன. குட்டையாகிப்போன குரோமோசோமை 1960இல் பிலடெல்ஃபியாவில் கண்டார்கள். அது இடமாற்றத்தால் நேர்ந்தது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். இரண்டு லெட்ஜர் பக்கங்களைக் கிழித்து மாற்றி ஒட்டினாற்போல. ஒட்டிய இடத்தில், இரண்டு பக்கத்திலும் இல்லாத ஒரு வாக்கியம் பிறக்கிறது: 'பெருகு'. அதற்கு முற்றுப்புள்ளி இல்லை. அந்த வாக்கியம் ஒரு புரதம். அது சக்தி வாங்கும் பள்ளத்தில் போய் இமாடினிப் உட்கார்ந்துகொள்கிறது. வாக்கியம் அழிவதில்லை, உச்சரிக்கப்படாமல் போகிறது. அமெரிக்காவில் 2001இல் அனுமதி கிடைத்தது.

இந்த மருந்தின் 'பீட்டா படிக' உருவத்துக்கு நோவார்ட்டிஸ் இங்கே காப்புரிமை கேட்டது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. தெரிந்த பொருளின் புது உருவம், பலனைக் கூட்டினாலன்றி, புதுப் படைப்பாகாது என்கிறது சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவையே எதிர்த்த வழக்கை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளியது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: படிகம் நன்றாக ஒழுகலாம், ஈரம் குறைவாக இழுக்கலாம், நோயைத் தீர்ப்பதில் கூடுதலாக என்ன செய்கிறது?

அப்போது பேசப்பட்ட விலை, கம்பெனி மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியத் தயாரிப்புக்கு 8,000 முதல் 10,000. குமாஸ்தா சம்பளத்தில் முதல் தொகை மரணம், இரண்டாவது கடன்.

உருவத்தின் கட்சிக்காரனான எனக்கு இத்தீர்ப்பு முதலில் சங்கடமாக இருந்தது. கவிதையில் உருவம் மாறினால் பொருளே மாறிவிடுகிறது என்று எழுதிவந்தவன் நான். ஆனால் தீர்ப்பு உருவத்தை மறுக்கவில்லை. உள்ளே போய் அது என்ன செய்கிறது என்று கேட்கிறது. இன்றைய புதுக்கவிதைகளில் பலவும் பழைய உணர்ச்சியின் படிகங்களே. நன்றாக ஒழுகுகின்றன, ஈரம் இல்லை. அவற்றிடம் இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை.

வியாதியும் சும்மா இருப்பதில்லை. அந்தப் புரதத்தின் 315ஆம் இடத்தில் திரியோனைன் போய் ஐசோலூசின் வந்துவிட்டால் மாத்திரை உட்கார இடமில்லை. ஜீனில் அது ஒரே எழுத்து மாற்றம். அதற்கு பொனாடினிப், அசிமினிப் என்று வேறு மருந்துகள் வந்துவிட்டன. அக்கா மூன்று மாதத்துக்கொருமுறை ரத்தம் கொடுக்கிறாள். அடுத்த ரிசல்ட் ஆவணியில்.