எங்கள் பாலுக்கு விலை வைத்தது யார்?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திராவின் சத்தியவேட்டில் பால் ஊற்றுகிறவர்களுக்கு எத்தனை லிட்டர் என்பது பாதிக் கணக்குதான். மீதியைப் பாலின் கொழுப்பு, அதாவது 'ஃபேட்டு', சொல்லும். எங்கள் தெருவில் இரண்டு மாடு வைத்திருக்கும் பெரியம்மா ஒருவர் சிலிப்பை நீட்டி, "அதே மாடு, அதே தீனி. ரேட்டு மட்டும் ஏம்பா இறங்குது? இத யாரு வெக்கிறாங்க?" என்று கேட்டார். பால் எடுக்கும் இடத்தில் விசாரித்தேன். மேலேயிருந்து வரும் விலைச் சார்ட் என்றார்கள். அந்த 'மேலே' எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

முதல் தடம் பம்பாய்க்குப் போனது. 1940களில் அங்கே குரோடி என்ற அதிகாரி, எருமைப் பாலில் கொழுப்பு நீக்கிய பால்பவுடரும் தண்ணீரும் சேர்த்து 'டோன்டு' பாலை உருவாக்கினார். ஏழைகளுக்கும் பால் எட்ட வேண்டும் என்பது நோக்கம். இன்று டோன்டு பாலில் 3 சதவீதக் கொழுப்பு, ஃபுல் கிரீம் பாலில் 6 சதவீதம் என்பது விதி. கூடுதல் கொழுப்பு வெண்ணெயாகவும் நெய்யாகவும் தனியே விலை போகிறது. ஆலைக்குக் கொழுப்பே காசு. அதனால்தான் சார்ட்டும் கொழுப்பைப் பார்க்கிறது. ஆனால் அதிக லிட்டர் வேண்டும் என்று ஊர் ஊராகச் சினை ஊசி போட்டுக் கொழுப்பு குறைந்த கலப்பின மாட்டைப் பரப்பியதும் அரசுதான். பழைய சித்தூர் மாவட்டத்தின் சொந்த இனமான புங்கனூர்க் குட்டை மாட்டின் பாலில் கொழுப்பு அதிகம், அளவோ குறைவு. அது தொழுவங்களிலிருந்து அருகிப்போனது.

அடுத்த தடம் 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சி. ஐரோப்பா இலவசமாக அனுப்பிய பால்பவுடரையும் வெண்ணெய் எண்ணெயையும் பாலாக்கி பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை நகரங்களில் விற்று, அந்தப் பணத்தில் குரியன் தலைமையிலான தேசியப் பால்வள வாரியம் கிராமக் கூட்டுறவுகளைக் கட்டியது. செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேட்டுப் பகுதி 1960இல் எல்லை மாற்றத்தால் ஆந்திராவுக்குப் போயிருந்தது. அதனால் சென்னை பக்கத்திலேயே இருந்தும் எங்கள் கூட்டுறவு ஆந்திராவின் 'விஜயா' ஆனது. எல்லைக்கு அந்தப் பக்கம், ஊத்துக்கோட்டையில், தமிழ்நாட்டின் 'ஆவின்'.

தேடலில் என்னை நிறுத்தி வைத்தது 2002ஆம் ஆண்டு. 1991இல் பால் தொழிலுக்கு உரிமம் தேவையில்லை என்றானது. மறு ஆண்டு வந்த பால் ஆணை, இந்த வட்டாரப் பால் இந்த ஆலைக்கு என்று ஒரு வேலி போட்டது. 2002இல் அந்த வேலி எடுக்கப்பட்டது. அதே ஆண்டு, எங்கள் ஊர் அப்போது சேர்ந்திருந்த சித்தூர் மாவட்டத்தின் கூட்டுறவு டைரியும் மூடப்பட்டது. 1992இல் ஹெரிட்டேஜ் நிறுவனத்தைத் தொடங்கிய சந்திரபாபு நாயுடு அப்போது முதல்வர். டைரி மூடப்பட்டதற்கும் அவர் நிறுவனத்துக்கும் தொடர்புண்டா என்ற வாதம் அரசியல் மேடைகளில் ஓயவில்லை. எனக்கு முக்கியமானது வேறு: தனியார் எவரும் வந்து பால் எடுக்கலாம் என்று கதவு திறந்த நேரத்தில், விவசாயிக்குத் துணை நிற்க வேண்டிய கூட்டுறவு களத்தில் இல்லை.

2020இல் ஆந்திராவின் அப்போதைய ஜெகன் அரசு குஜராத் கூட்டுறவான அமுலை அழைத்து வந்தது. 2023 ஜூலையில் சித்தூர் டைரியை அமுல் மூலம் புதுப்பிக்கப் பூமி பூஜை நடந்தது. அதே ஆண்டு மே மாதம், தமிழ்நாட்டில் அமுல் பால் எடுப்பதைத் தடுக்கும்படி முதல்வர் ஸ்டாலின் உள்துறை அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். அமுல் பால் எடுக்கத் திட்டமிட்ட மாவட்டங்களில் எங்களை ஒட்டியிருக்கும் திருவள்ளூரும் ஒன்று. ஒரு கூட்டுறவின் பால் வட்டாரத்தில் இன்னொன்று நுழையக் கூடாது என்பது அவர் வாதம். ஒரே நிறுவனம், எல்லைக்கு இந்தப் பக்கம் விருந்தாளி, அந்தப் பக்கம் அத்துமீறல்.

பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன்: ரேட்டை மாடு வைக்கவில்லை, சந்தையும் தனியாக வைக்கவில்லை, ஆணை ஆணையாக அரசுகள் போட்ட பாதையில்தான் அது வந்திருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆவின் அடிவிலை வைத்தால் அதற்குக் கீழே தனியார் இறங்கத் தயங்குவார்கள். அப்படி ஓர் அடிவிலைக்காகவாவது எங்கள் மாவட்டத்துக்கு, பால் ஊற்றுகிறவர்களே ஓட்டுப் போட்டு நடத்தும் ஒரு கூட்டுறவு வேண்டும். அரசு ஆணைகளால் கைவிட்டுப் போனதை அரசு ஆணைகளாலேயே திரும்பக் கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு.