பத்திரத்தின் பின்புறம்

தென்காசிக் கோயிலில், பராக்கிரம பாண்டியன் 1446-ஆம் ஆண்டில் விசுவநாதருக்கு ஆலயம் எடுக்கத் தொடங்கிய விருத்தாந்தத்தையும், பிற்காலத்தில் அதைப் பேணிக் காக்கப்போகிறவர்களை முன்கூட்டியே வணங்கி அவன் கல்லில் பொறித்துவைத்த வாசகங்களையும் படிக்கிறவனுக்கு, அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் அரசனுடைய மனம்கூட எட்டிவிடும் தூரத்தில் இருப்பதாகவே தோன்றும். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு மைலில் இருக்கும் எங்கள் சுரண்டையில், விக்டோரியா மகாராணியின் காலத்தில் கமலை கட்டி இறைத்துப் பயிர்செய்த தன் சொந்த ஓட்டனைப் பற்றி அறிய விரும்புகிறவனுக்கோ, பெயர் ஒன்றைத் தவிர வேறெதுவும் எளிதில் அகப்படுவதில்லை. அரசனுக்குக் கல் கிடைத்தது. குடியானவனுக்குக் கிடைத்ததெல்லாம் சர்க்கார் அவனிடம் வரி வாங்கிய கணக்கும், அவன் பிறரிடம் கடன் வாங்கிய பத்திரமுமே.

இங்கிலாந்தில் இப்படியில்லை. விக்டோரியா பட்டத்துக்கு வந்த அதே 1837-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து அங்கே பிறப்பு, விவாகம், மரணம் மூன்றையும் சர்க்காரே பதிவு செய்யத் தொடங்கிற்று. 1841 முதல் பத்தாண்டுக்கொருமுறை எடுத்த குடிக்கணக்கில் வீடுவீடாக எழுதிய பெயர்களைப் பத்திரப்படுத்தி, நூறாண்டு கழிந்ததும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டார்கள். ஒரு செருப்புத் தொழிலாளியின் கொள்ளுப்பேரன் தன் முன்னோன் எந்தத் தெருவில் குடியிருந்தான், எத்தனை பிள்ளைகள் பெற்றான் என்பதையெல்லாம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு பின்தொடர்ந்து போய்ப் பார்த்துவிடலாம். அதே மகாராணியின் ஆளுகைக்குட்பட்ட சென்னை ராஜதானியிலும் 1871-இல் குடிக்கணக்கு எடுத்தார்கள். ஆனால் தொகைகளைக் கூட்டி அச்சிட்ட பிறகு பெயர் எழுதிய தாள்களை யாரும் வைத்திருக்கவில்லை. பிறப்பு இறப்புப் பதிவுக்கென்று ராஜதானி இயற்றிய சட்டம் 1899-இல்தான் வந்தது. அதுவும் எல்லாக் கிராமங்களுக்கும் ஒருசேரப் பரவிவிடவில்லை. ஆகவே நம்மவர்களில் ஒருவனுடைய ஜீவியத்தைத் தேடப் புகுகிறவன், அவன் பிறந்தான் இறந்தான் என்று யாரேனும் எழுதிவைத்திருப்பார்கள் என்ற நம்பிக்கையை முதலிலேயே விட்டுவிட்டு, அவன் எந்தெந்த இடத்தில் ஒரு காகிதத்தைத் தொட்டான் என்று தேட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அந்தக் காகிதங்களின் வகை ஊருக்கு ஊர் மாறுபடும். சர்க்கார் ரயத்துவாரி கிராமமாயிருந்தால் சர்வே எண்ணும் பட்டா எண்ணும் தீர்வையும் கண்ட செட்டில்மெண்டு ரிஜிஸ்தர் உண்டு. ஊத்துமலை ஜமீனைச் சேர்ந்த கிராமமாயிருந்தால் கணக்கெல்லாம் வீரகேரளம்புதூர் அரண்மனையோடு போயிற்று. (அந்த அரண்மனையில் ஹிருதயாலய மருதப்பத் தேவர் அமர்ந்து காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்ததும் இதே விக்டோரியா காலத்தில்தான், ஜமீனின் தீர்வைக் கணக்கை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும், காவடிச்சிந்தைத் தேட வேண்டியதில்லை.) இவை தவிர, கணக்குப்பிள்ளை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் கிடந்த ஏடுகளும் நோட்டுகளும் இருந்தன. 1980-இல் பரம்பரைக் கர்ணம் உத்தியோகத்தை அரசாங்கம் எடுத்துவிட்டபோது, ஒப்படைக்கவேண்டிய கணக்குகள் தாலுகா ஆபீசுக்குப் போயின. ஒப்படைக்க வேண்டாத பழங்காகிதங்கள் பரணில் ஏறின. அவற்றில் எத்தனை கரையானுக்கு இரையாயின என்று நினைத்தால் மனம் பதைக்கிறது. ஒரு கிராமத்தின் நூறாண்டு ஞாபகம் அல்லவா அது!

எங்கள் வீட்டில் மிஞ்சியது ஒரே ஒரு பத்திரம். தகரப்பெட்டியின் அடியில், பழைய தீர்வை ரசீதுகளுக்குக் கீழே, எட்டாக மடிக்கப்பட்டு, மடிப்புகளில் ஒளி ஊடுருவும் அளவுக்கு நைந்துபோய் அது கிடந்தது. தோட்டத்தையும் அதிலுள்ள கிணற்றில் பாதிப் பங்கையும் ஈடாக வைத்துக் கடன் வாங்கிய பத்திரம். எழுதிக்கொடுத்தவர் பெயர் என் தாத்தாவின் பெயர். தகப்பனார் பெயரும் தாத்தாவுடைய தகப்பனார் பெயரே. வருஷம் தாது, மாதம் தை. அதைப் பார்த்த எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும், தாத்தா வாங்கிய கடன் என்றே சொல்லிவந்தார்கள்.

நம்முடைய வழக்கத்தில் இரண்டு சக்கரங்கள் சேர்ந்து சுழல்கின்றன. பேரனுக்குப் பாட்டன் பெயரை இடுவதனால் இரண்டு பெயர்களே ஒரு குடும்பத்தில் மாறிமாறி வருகின்றன. வருஷங்களும் பிரபவ முதல் அட்சய வரை அறுபதாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. 1876-இல் பிறந்த தாது வருஷம் 1936-இல் மறுபடியும் பிறந்தது. பாட்டனும் பேரனும் ஒரே பெயரில், ஒரே பெயருள்ள தகப்பனுக்குப் பிள்ளைகளாய், ஒரே பெயருள்ள வருஷத்தில் பத்திரம் எழுதியிருக்க இடமுண்டு. இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்கு நம் திருநெல்வேலிச் சீமையில் வழங்கிய கொல்லம் ஆண்டு பெரும் உபகாரம் செய்கிறது. பத்திரத்தின் முதல் வரியிலேயே 1052 என்று தமிழ் எண்களில் எழுதியிருந்தது. தாத்தா காலத்துத் தாதுவாயிருந்தால் அது 1112 ஆக இருந்திருக்க வேண்டும். எண்ணைப் படிக்கத் தெரியாதவர்களுங்கூட முத்திரைத் தாளின் தலைப்பில் அச்சாகியிருந்த முகத்தைப் பார்த்தே தெளிந்திருக்கலாம்: அது விக்டோரியாவின் முகம். ஆகவே பத்திரம் எழுதிக்கொடுத்தவர் தாத்தா அல்லர். தாத்தாவுக்குத் தாத்தா, என் ஓட்டன்.

கொல்லம் 1052 தை என்றால் 1877 ஜனவரி, பிப்ரவரி. அந்த ஜனவரி முதல் தேதியில்தான் டில்லியில் தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்தார்கள். அதே வேளையில் தெற்கே, இன்றைக்கும் நம் கிழவிகள் வாயில் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று வழங்கும் அந்த மகா க்ஷாமம் பரவிக்கொண்டிருந்தது. 1878-இல் அது அடங்குமுன் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. டில்லியில் சிங்காரப் பந்தல்களின் கீழ் எழுந்த வாழ்த்தொலியும், இங்கே நீர்மட்டம் இறங்கிப்போன கிணற்றின் பாதிப் பங்கை ஒருவர் ஈடுவைத்ததும் சில வார இடைவெளியில் நிகழ்ந்தவை. பத்திரத்தில் கடன் வாங்கிய காரணம் ‘குடும்பச் செலவுக்காக’ என்று மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. எழுத்துக் கூலிக்காரர் வழக்கமாக எழுதும் வாசகந்தான். ஆயினும் அந்த மாதத்தையும் வருஷத்தையும் அறிந்து படிக்கும்போது, அந்தச் செலவு தானியத்துக்கான செலவு என்பதில் எனக்குச் சந்தேகம் தோன்றவில்லை.

பத்திரங்களில் நான் மிகவும் விரும்பிப் படிக்கும் பகுதி நான்கெல்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் கவனமின்றிக் கடந்துபோகும் அந்த நாலு வரிகளில் ஒரு காலத்தின் அண்டை அயல் முழுவதும் இருக்கிறது. எங்கள் பத்திரத்தில் கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே ஒரு புளியமரமும் ஓடையும், மேற்கே பங்காளியின் புஞ்சை, வடக்கே கிறிஸ்தவப் பெயருடைய ஒருவரின் தோட்டம். சுரண்டையில் சி.எம்.எஸ். மிஷனார் அந்நாளிலேயே வேரூன்றியிருந்தார்கள். வடக்கெல்லைக்காரரைத் தேடிப்போவது ஒருவகையில் எங்கள் ஓட்டனைத் தேடிப்போவதைவிடச் சுலபம். ஏனெனில் மிஷன் சபைகளின் ஞானஸ்நான ரிஜிஸ்தர்களில் ஆளின் பெயர், பெற்றோர் பெயர், வயது, ஊர் என்று பத்தி பத்தியாக எழுதுவது வழக்கம். பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கானோர் திருநெல்வேலிச் சபைகளில் சேர்ந்தார்கள். தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு, அந்த ரிஜிஸ்தரே தங்கள் முன்னோரின் பெயர் மரியாதையோடு எழுதப்பட்ட முதல் புத்தகமாக இருந்திருக்கும்.

1865 முதல் நடைமுறைக்கு வந்த பத்திரப்பதிவுச் சட்டத்தின் பயனாக, எங்கள் பத்திரத்தின் நகலும் பதிவு அலுவலகப் புத்தகத்தில் கையெழுத்தால் எழுதிவைக்கப்பட்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கி மூலத்தோடு ஒத்துப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. ஓட்டனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது; மூலத்தில், பேனாவை எழுதுகிறவர் போல் பிடிக்காமல் குத்துக்கோல் போல் பிடித்து இழுத்ததனால் மை திரண்டு தடித்த ஒரு கீறலும், அதைச் சுற்றி ‘இது இன்னார் கைக்கீறல்’ என்று எழுத்தர் எழுதிய சொற்களும் இருந்தன. நகல் எடுத்த குமாஸ்தா அந்தக் கீறலை அதே சாய்வில் மெல்லிய கோடாகப் போட்டிருந்தார். ஆனால் நகலில் அடியோடு இல்லாதது ஒன்று மூலத்தில் இருந்தது. அது பத்திரத்தின் பின்புறம்.

பின்புறத்தில் கடன்கொடுத்தவர் தாம் பெற்றுக்கொண்ட தொகைகளை வரவு எழுதியிருந்தார். ஐந்து ரூபாய், மூன்று ரூபாய் எட்டணா, நான்கு ரூபாய் என்று சிறுசிறு தொகைகள். பெரும்பாலும் தை, மாசியில், அறுவடை முடிந்த கையோடு. முதலில் வரிசையாக ‘உம் வசம் வரவு’ என்றே வருகிறது. பிறகு, 1056-ஆம் ஆண்டு மாசிக்கும் 1057 தைக்கும் இடையில் வாசகம் மாறுகிறது: ‘மைனர் பிள்ளைகளுக்காக அவர்கள் தாயார் வசம் வரவு’. அவ்வளவுதான். எங்கள் ஓட்டன் இறந்ததைப் பற்றி உலகத்திலுள்ள ஒரே சாட்சி அந்த இரண்டு வரிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடம். 1881 பிப்ரவரிக்கும் 1882 ஜனவரிக்கும் நடுவே அவர் காலமானார். மூத்த பிள்ளையான என் பூட்டனுக்கு அப்போது பதினெட்டு வயது நிரம்பவில்லை. அதற்குமேல் எந்த ஆபீசிலும் ஒரு சொல் கிடையாது.

ஆனால் அந்த இடத்திலிருந்துதான் பத்திரம் எனக்குப் பேசத் தொடங்கிற்று என்று சொல்ல வேண்டும். பட்டாவில் பெயரில்லாத, தீர்வை ரசீதில் பெயரில்லாத, எங்கள் வீட்டு வாய்மொழியில்கூட ‘ஓட்டி’ என்ற உறவுமுறைக்கு அப்பால் பெயரில்லாத அந்த ஸ்திரீ, பின்புறத்து வரவுகளில் பெயரோடு வருகிறாள். இரண்டு ரூபாய், ஒரு ரூபாய் நாலணா, ஒருமுறை வெறும் பன்னிரண்டணா. புருஷன் காலத்தில் வருஷத்துக்கு ஒரு வரவு இருந்தது. இவள் காலத்தில் வருஷத்துக்கு மூன்று நான்கு. அறுவடைக்குக் காத்திராமல் கையில் சேர்ந்தபோதெல்லாம் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறாள். பால் விற்றாளோ, பருத்தி எடுக்கக் கூலிக்குப் போனாளோ, கழுத்தில் கிடந்ததைக் கழற்றினாளோ, பத்திரம் சொல்லவில்லை. 1060-இல், அதாவது 1885-இல், ‘அசலும் வட்டியும் பூராவும் செல்’ என்று கடைசி வரவு. நாங்கள் இன்றைக்கும் கத்தரியும் மிளகாயும் போட்டுச் சந்தைக்கு அனுப்பும் தோட்டம் அவள் மீட்ட தோட்டம். ஓட்டனுடைய ஜீவிய சரித்திரத்தைத் தேடிப்போன எனக்கு, அந்தச் சரித்திரத்தின் பெரும்பகுதி அவர் பெண்சாதியினுடையது என்று தெரிந்தபோது உண்டான மனநிறைவைச் சொல்லி முடியாது.

ஓட்டனுக்கு ஒரு தம்பி உண்டு. பஞ்சத்தில் ‘கப்பலேறிவிட்டான்’ என்பது மட்டுமே வீட்டார் அறிந்தது. தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தோணியேறிக் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குப் போனவராயிருந்தால் அடையாளம் காண்பது அரிது. கங்காணி கைக்கு வந்த துண்டுச் சீட்டில் ஆளைவிட ஆளின் கடனே முக்கியம். சென்னை வழியாக நேட்டாலுக்குப் போயிருந்தாலோ நிலைமை முற்றிலும் வேறு. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறைமுகத்தில் சேர்ந்தது முதல் 1911 வரை, இடையில் 1866 முதல் 1874 வரை ஆளனுப்புவது நின்றிருந்த காலம் நீங்கலாக, ஒப்பந்தக் கூலிகளாய் இறங்கிய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பல்வாரியாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள்: நம்பர், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள தழும்பு. மொரீஷியஸிலோ 1860-களிலிருந்தே கூலிகளைப் புகைப்படமும் எடுத்தார்கள். அவை மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. ஓடிப்போகாமல் பிடித்துவைக்கவும், ஓடினால் அடையாளம் காணவும் எழுதிய கணக்குகள் இவை. அன்பினால் எழுதப்பட்டவை அல்ல. இருந்தும், ஊரோடு இருந்து மாண்ட அண்ணனுடைய உயரம் எனக்குத் தெரியாது. நாட்டைவிட்டுப் போன தம்பியின் இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு இருந்ததா என்பதுகூட ஏதோ ஒரு பட்டியலில் எழுதியிருக்கலாம்.

அப்படி ஒரு தாளைக் கையில் ஏந்தி, டர்பனிலிருந்து ஒரு குடும்பத்தார் தென்காசிப் பக்கம் வந்திருந்தபோது நான் கூடப் போயிருந்தேன். கப்பல் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதிய கிராமப் பெயர், அவர்கள் உச்சரிப்பில் எந்த ஊராகவும் விளங்கவில்லை. டீக்கடைப் பெஞ்சியிலிருந்த ஒரு முதியவர், “இன்னொரு தடவை சொல்லுங்கம்மா, மெதுவாச் சொல்லுங்க” என்று நாலைந்துமுறை சொல்லச் செய்து, தாமும் வாய்க்குள் உருட்டிப் பார்த்து, இரண்டு மைலில் இருக்கும் ஊரைக் காட்டிக்கொடுத்தார். அந்த ஊரில் அவர்களுடைய முன்னோனை ஞாபகம் வைத்திருந்தவர் யாருமில்லை. கோயில் மண்ணை ஒரு துணியில் முடிந்துகொண்டார்கள். அந்த அம்மாள் தமிழ் பேச அறியாதவர். ஆனாலும் முடியும்போது “ஐயா, ஐயா” என்று அவர் சொன்னது அங்கிருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்டது.

இனி நான் போகவேண்டிய இடம் திருவனந்தபுரம். ஓட்டி செங்கோட்டைப் பக்கத்துப் பெண். 1956 நவம்பர் முதல் தேதிவரை செங்கோட்டைத் தாலுகா திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது; சுரண்டைக்கு ஒரு பகல் மாட்டுவண்டிப் பிரயாணத்தில் அவள் ஒரு ராஜ்யத்தைவிட்டு இன்னொரு ராஜ்யத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவள் பிறந்தகத்து நிலக்கணக்கு எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் இராது, மலைக்கு மேற்கே இருக்கும். அவள் பெயரைப் பத்திரத்தின் பின்புறம் கொடுத்துவிட்டது. அவள் தகப்பனார் பெயரும் ஊரும் தெரிந்தால், என் தம்பி மகன் எழுதிவரும் வம்சாவளிப் படத்தில் அவளுக்கு மேலேயும் ஒரு கிளை வரையலாம். அதற்காக அவன் அந்தப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறான்.