அக்கரைச் சாவும் இக்கரைச் சாவும்

2009 மே மாதம் நாங்கள் சிலர் மண்டபம் அகதிகள் முகாம் வாசலில் நின்றிருந்தோம். உள்ளே இருந்தவர்களுக்கு அக்கரையில் உறவுகள். யார் மிஞ்சினார்கள் என்றே தெரியாது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தான். ஆனால் எங்களுக்குச் செய்தி வந்தது கொழும்பு வழியாக. அந்தச் செய்தியில் போரே கிடையாது, ‘மனிதாபிமான நடவடிக்கை’தான். பொதுமக்களுக்குச் சேதமே இல்லையாம்.

மக்களை வரச் சொல்லி அரசே அறிவித்த பாதுகாப்பு வலயத்தில் ஷெல் விழுந்தது. மருத்துவமனைகளும் தப்பவில்லை. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று 2011 ஏப்ரலில் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. தப்பி ஓடிய மக்களைப் புலிகள் சுட்டதையும் அதே அறிக்கை சொன்னது. அந்தப் பகுதியை நாங்கள் எந்த மேடையிலும் வாசிக்கவில்லை. “எதிரிக்கு வசதியாகிவிடும்” என்றார்கள் மூத்த தோழர்கள். நாங்களும் தலையாட்டினோம். செத்தவர்களுக்கு நாங்கள் செய்த துரோகம் அது.

அந்த ஆண்டு ஜூனில் சேனல் 4 காட்சிகள் வந்தன. இலங்கை மீது பொருளாதாரத் தடை கோரித் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஊரே கொதித்தது. மூன்றே மாதத்தில், செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் போலீஸ் சுட்டது. நம் ஆட்கள் ஆறு பேர் செத்தார்கள். ‘தற்காப்பு’, ‘பொதுச் சொத்து’, ‘கலவரம்’ என்று இங்கேயும் சொற்கள் தயாராக இருந்தன. பின்னால் வந்த விசாரணை ஆணையமும் துப்பாக்கிச் சூடு நியாயமே என்றது.

முள்ளிவாய்க்காலுக்காக எங்களோடு மெழுகுவத்தி பிடித்தவர்களுக்கு அன்றிரவு போன் போட்டோம். “விசாரணை முடியட்டுமே” என்றார் ஒருவர். “இவங்களும் கல்லெறிஞ்சாங்களாமே” என்றார் இன்னொருவர். கொழும்பு சொன்னதை ஒருநாளும் நம்பாதவர்கள், பரமக்குடியில் போலீஸ் சொன்னதைப் பொழுது விடிவதற்குள் நம்பிவிட்டார்கள். சுடுகிறவன் யோக்கியனா என்பதைச் செத்தவனின் சாதியை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். (எல்லோரும் இல்லை. வந்து நின்றவர்களும் உண்டு. விரல்விட்டு எண்ணலாம்.)

இத்தனைக்கும் அந்த மண்டபம் முகாமே, வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாட்களைச் சோதித்து அனுப்பிய இடம். அப்படிக் கடல் தாண்டியவர்களில் நம் சேரி சனம் ஏராளம்.

அடுத்த வாரம் முகாம் பக்கம் போனோம். செய்தியைக் கேள்விப்பட்டிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

“உங்கட ஆக்கள் எத்தினை பேர் செத்தவை, தம்பி?”

யார் முதலில் கல்லெறிந்தது என்று அவர் கேட்கவேயில்லை.