இணையக் கடையிற் பட்டாடை

காஞ்சியில் எங்கள் தெரு நெசவாளர் ஒருவர் இணையத்திற் புடைவைக் கடையொன்று திறந்தார். பக்கம் விரியுமுன்னரே வாங்க வந்தோர் அகன்றனர். யான் நோக்கியபோது, படங்கள் யாவும் 6000 புள்ளி அகலத்துடன், எடுத்தபடியே ஏற்றப்பட்டிருக்கக் கண்டேன். கைப்பேசித் திரைக்கோ 1080 புள்ளியே பெரிது. முதன்மைப் படம் 2.5 வினாடிக்குள் தோன்றல் வேண்டுமென்பது கூகிள் வகுத்த அளவு.

சுருக்குதல் எளிது, ஆயின் ஈண்டு ஓர் இடருண்டு. ஜேபெக் முறையில் மிகச் சுருக்கின், நுண்ணிய நிறவேறுபாடுகளே முதலில் மறையும். உடலையும் கரையையும் மூன்று நாடாக்கொண்டு இருவர் கூடி நெய்யும் கோர்வையில், அவ்விரண்டும் கூடுமிடத்துத் தாழம்பூ ரேக்கின் பல்வரிசை வெறுங் கறைபோலாகிவிடும். காஞ்சிப் பட்டென்று நம்பி வருவோர் உற்று நோக்குவது அவ்விடத்தையன்றோ? அதனை அழித்துப் பெறும் விரைவு யாருக்கு வேண்டும்!

ஆதலின், கூகிள் 2010-இல் வெளியிட்ட வெப்பி வடிவிற் சிறு படங்களை முதலில் வைத்தோம். கீழுள்ளவை, பார்ப்போர் அங்கு வருங்காலையே இறங்குமாறு செய்தோம். கோர்வையின் அண்மைப்படம் மட்டும், தொட்டால் முழுத் தெளிவோடு விரியும். தமிழ் ஆனர்ஸ் பயில்வோனுக்கு இவ்வேலை ஏனென நண்பர் நகைத்தனர். நெசவாளரோ முந்தானைப் படங்களையும் அவ்வாறே அமைத்துத் தருமாறு கேட்டிருக்கின்றார்.